கோமுகி ஆறும் ஒரு கோதுமை ஊரும்

கள்ளக்குறிச்சி ஜில்லாவின் மேற்குப் பாகத்தில், கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில், வடக்கனந்தல் என்னும் ஊர் இருக்கின்றது. கச்சிராயபாளையம் அதனையொட்டியது. மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆறு இவ்வூர்களின் அருகே சமவெளியை அடைகின்றது. நெடுங்காலம் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பிரதேசம், 1993-ம் வருஷத்தில் விழுப்புரம் ஜில்லாவிலும், 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் புதிதாய் ஏற்பட்ட கள்ளக்குறிச்சி ஜில்லாவிலும் சேர்க்கப்பட்டது. ஜில்லாவின் பெயர் இருமுறை மாறிற்று. ஆயினும், காலையில் எழுந்ததும் மேற்கே திரும்பி, மலைமேல் மேகம் உண்டா என்று நோக்கும் குடியானவரின் வழக்கம் மாறவில்லை.

இத்தகைய சிறு விவசாய ஊரின் சரித்திரம் அரசர்களின் சரித்திரமன்று. எக்காலத்தில் எவ்வளவு ஜலம் கிடைத்தது, அந்த ஜலத்தைக் கொண்டு எப்பயிர் செய்தார்கள், அப்பயிர் அவர்களைக் காத்ததா கைவிட்டதா என்பதே அதன் சரித்திரம். இவ்வுண்மை வடக்கனந்தலுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியா தேசத்தில், கோதுமையை நம்பிப் பெயரிடப்பட்டு, கோதுமை விளையாமலே பாழ்பட்டுப் போன ஓர் ஊர் உண்டு. அவ்வூரின் கதையை வடக்கனந்தலின் கதையோடு சேர்த்து நோக்கினால், இப்பிரதேசத்து மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் இவ்வருஷச் சாகுபடியை நிர்ணயிப்பதற்கே உதவும் ஒரு படிப்பினை கிடைக்கும். முதலில் உள்ளூர்க் கதையைக் காண்போம்.

மலையும் ஆறும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். அதன் வடபாகத்தைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பாகத்தைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். முன்னது சராசரி 2,700 அடி உயரமும், பின்னது சராசரி 4,000 அடி உயரமும் உள்ளவை. மலைமேல் வசிக்கும் மலையாளிகள் எனப்படும் குடிகள் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றைப் பயிரிட்டும், கடுக்காய், தேன், புளி முதலிய வனப்பொருள்களைச் சேகரித்தும் ஜீவித்து வந்தனர். மலை முழுவதும் மூன்று ஜாகீர்தார்களின் ஆதீனத்தில் இருந்தது. சமவெளியில் ரயத்துவாரி முறை வேரூன்றி நூறு வருஷங்களுக்கு மேல் சென்ற பின்னரும் மலைமேல் ஜாகீர் முறையே நடந்தது. 1976-ம் வருஷத்தில்தான் அம்மலைக் கிராமங்கள் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்தின் கீழ் வந்தன.

இம்மலையில் பெய்யும் மழை பொட்டியம், கல்படை, பரிகம் முதலிய ஓடைகளின் வழியாய்த் திரண்டு கோமுகியாகின்றது. இவ்வாறு, பனிமலையில் பிறந்து ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று, காட்டாறு. மழை பெய்த நாளில் கரைபுரளும். மழை நின்ற சில வாரங்களில் மணல் தெரியும். மலையில் மரமும் புல்லும் செறிந்திருந்தால் மழைநீர் மண்ணில் இறங்கி, ஓடையில் நெடுநாள் கசிந்து வரும். மலை மொட்டையானால் வெள்ளம் ஒரே நாளில் வந்து, மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே மலைமேல் நடப்பது அடிவாரத்தாருக்குச் சம்பந்தமில்லாதது என்று எவரும் எண்ணுதல் கூடாது.

புன்செய்க் காலம்

அணை ஏற்படுவதற்கு முன், இப்பிரதேசத்தின் பாசனம் பழைய அணைக்கட்டுகளையும் ஏரிகளையும் கிணறுகளையும் பொறுத்திருந்தது. சோமண்டார்குடி முதலிய இடங்களில் ஆற்றின் குறுக்கே அமைந்த அணைக்கட்டுகள் வெள்ளநீரைத் திருப்பி, வாய்க்கால் வழியாய் ஏரிகளுக்கு அனுப்பின. ஏரிக்குக் கீழுள்ள நன்செயில் நெல் விளைந்தது. கிணற்றடியில் கவலை பூட்டி இறைத்துக் கேழ்வரகும் காய்கறியும் விளைவித்தனர். எஞ்சிய பெரும்பரப்பு மானாவாரிப் புன்செய். அதில் கம்பும் வரகும் சோளமும், அவற்றினூடே துவரையும் மொச்சையும் ஆமணக்கும் விதைக்கப்பட்டன. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்னும் முன்யோசனை அக்கலப்புப் பயிரில் அடங்கியிருந்தது. வரகு தென்னாற்காட்டுப் புன்செயின் பிரதான தானியங்களுள் ஒன்றாய் இருந்ததற்குக் காரணம், அதன் சுவையன்று. வறட்சியைத் தாங்கும் வன்மையும், பல வருஷம் சேமித்து வைத்தாலும் கெடாத உமியின் காப்புமேயாம்.

1876-ம் வருஷம் தொடங்கி 1878 வரையில் நீடித்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. ஜலத்தின் அளவை மீறிய வாழ்வு எவ்வளவு அபாயகரமானது என்பதை அது இத்தேசத்தாருக்கு உணர்த்திற்று. பின்னர், புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாய்ப் பிரான்ஸ் தேசத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியான நிலக்கடலை, தென்னாற்காட்டுப் புன்செயில் விரைந்து பரவியது. முதன்முறையாக மானாவாரிக் குடியானவன் கையில் ரொக்கப்பணம் புரண்டது. ஆயினும், ஒரே பயிரை ஒரே விதையைக் கொண்டு இடைவிடாது செய்ததனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நோயும் விளைவுக் குறைவும் தோன்றின. வெளிதேசத்து விதையைத் தருவித்துப் பரப்பிய பிறகே அப்பயிர் மீண்டும் தலையெடுத்தது. 1905-ம் வருஷத்தில் பாலூரில் ஏற்பட்ட ஆராய்ச்சிப் பண்ணையில் நிலக்கடலைக்கு முக்கிய ஸ்தானம் அளிக்கப்பட்டது.

அணையும் ஆலையும்

1965-ம் வருஷத்தில் மலையடிவாரத்தில் கோமுகி அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்மட்ட உயரம் 46 அடி. கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. இதனால் பழைய பாசனம் 5,860 ஏக்கரும், புதிய பாசனம் 5,000 ஏக்கரும், ஆக 10,860 ஏக்கர் நிலம் பயனடையும் என்பது திட்டம். வெள்ளம் வந்த அன்றைக்கே கடலை நோக்கி ஓடிய ஜலம் தேங்கி நின்றது. முன் மானாவாரியாய் இருந்த பூமியில் வாய்க்கால் ஓடிற்று. கம்பு விளைந்த இடத்தில் நெல் விளைந்தது.

நெல்லைத் தொடர்ந்து கரும்பு வந்தது. மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், பின்னர் கச்சிராயபாளையத்திலேயே இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ஏற்பட்டன. ஆலை வாயிலில் நிறுத்து விலை கிடைக்கும் பயிர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்தபின், கரும்புப் பரப்பு பெருகியதில் வியப்பில்லை. சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவையினால் மரவள்ளியும், கோழித் தீவனத்தின் தேவையினால் மக்காச்சோளமும் பரவின. கடைவீதி விரிந்தது, வண்டி மாடுகளின் இடத்தில் டிராக்டர் வந்தது, பிள்ளைகள் கலாசாலைக்குச் சென்றனர். இவையெல்லாம் அணையின் பயன் என்பதை மறுப்பார் எவருமில்லை.

ஆனால் இவ்வளர்ச்சியின் அடியில் ஒரு கணக்கு மறைந்து கிடந்தது. அணை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சம்பாப் பயிருக்கென்று திறக்கப்படுவது. கரும்போ பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்பது. வாய்க்காலில் ஜலம் நின்ற பிறகு வரும் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் அக்கரும்பைக் காப்பாற்றுவது கிணறே. 1990-ம் வருஷம் முதல் விவசாயப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாய்க் கிடைத்தபின், கிணறு வற்றினால் ஆழப்படுத்துவதும், அதுவும் வற்றினால் அதன் அடியில் துளையிடுவதும், பின் வேறோர் இடத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்குவதும் வழக்கமாயின. ஒருவர் ஆழமாய்த் துளைத்தால் அண்டையிலுள்ளவரின் கிணறு குறைகின்றது. அவரும் துளைக்க நேருகின்றது. இப்போட்டியில் முதலில் தோற்பவர் கடன் வாங்கித் துளையிட்ட சிறு குடியானவரே. அவருக்கு அடுத்தபடியாக, மேல்மடையில் நெல்லும் கரும்பும் மிகுந்த வருஷத்தில் தண்ணீர் வந்து சேராத கடைமடைக்காரர் தோற்கின்றார்.

பரீனா என்னும் ஊர்

இனி ஆஸ்திரேலியாவின் கதைக்கு வருவோம். அத்தேசத்தின் தென்பாகத்தில் 1836-ம் வருஷத்தில் தெற்கு ஆஸ்திரேலியா என்னும் குடியேற்ற நாடு ஏற்பட்டது. அதன் தலைநகர் அடிலெயிட். அங்கே குடியேறியவர்கள் கோதுமைச் சாகுபடியில் ஊக்கம் செலுத்தினர். கூலியாட்கள் குறைந்த அந்நாட்டில், 1843-ம் வருஷத்தில் ரிட்லி என்பவர் கதிரை மட்டும் கொய்து தானியத்தைப் பிரிக்கும் யந்திரத்தைச் செய்து முடித்தார். அதன் பிறகு கோதுமை நிலம் வடக்கே வடக்கே என்று விரிந்து சென்றது.

வடக்கே செல்லச் செல்ல அந்நாட்டில் மழை குறையும். 1864, 1865-ம் வருஷங்களில் கடும் வறட்சி வந்து, மேய்ச்சல் நிலங்கள் கருகின. நம்பத்தக்க மழை எதுவரையில் பெய்கின்றது, வறட்சி எங்கே தொடங்குகின்றது என்று கண்டறியும்படி ஸர்வேயர் ஜெனரலாகிய ஜார்ஜ் கோய்டர் என்பவருக்கு அரசாங்கத்தார் உத்தரவிட்டனர். கோய்டர் குதிரைமேலேறி ஏறக்குறைய 2,000 மைல் சுற்றினார். அப்பிரதேசங்களில் மழைமானிகள் மிகச் சிலவே. பல வருஷக் குறிப்புகளும் இல்லை. எனவே அவர் நிலத்தையே கேட்டறிந்தார். எவ்விடத்தில் மரமும் புதரும் குறைந்து, சால்ட்புஷ் எனப்படும் வறண்ட நிலத்துச் செடி மிகுகின்றதோ, அவ்விடமே வறட்சியின் வாசல் என்று குறித்துக்கொண்டார். 1865-ம் வருஷக் கடைசியில் தேசப்படத்தில் ஒரு கோடு வரைந்தார். கோட்டுக்குத் தெற்கே பயிர் செய்யலாம். வடக்கே ஆடு மேய்க்கலாமேயன்றி உழுதல் தகாது என்பது அவருடைய முடிவு. அக்கோட்டை இன்றும் கோய்டர் கோடு என்றே வழங்குகின்றனர். ஏறக்குறைய 10 முதல் 12 அங்குல வருஷ மழையின் எல்லையோடு அது ஒத்திருப்பதைப் பிற்காலத்து மழைக் கணக்குகள் காட்டின.

1872-ம் வருஷத்துச் சட்டம் அக்கோட்டையே குடியேற்றத்திற்கு எல்லையாகக் கொண்டது. ஆனால் அடுத்து வந்தவை நல்ல மழை வருஷங்கள். கோட்டுக்கு அப்பாலும் புல் இடுப்பளவு வளர்ந்தது. நிலம் வேண்டியவர்கள் கோய்டரை ஏளனம் செய்தனர். கலப்பை செல்லுமிடமெல்லாம் மழையும் பின்தொடரும் என்று ஒரு கொள்கை அக்காலத்தில் பரவியிருந்தது. உழுத மண் ஈரத்தை வானுக்கு அளித்து மேகத்தை அழைக்கும் என்று அதற்கு விளக்கமும் கூறப்பட்டது. 1874-ம் வருஷத்தில் எல்லை நீக்கப்பட்டது. குடும்பங்கள் வண்டி வண்டியாய் வடக்கே சென்றன.

அவ்வாறு 1878-ம் வருஷத்தில் அளந்து மனை பிரிக்கப்பட்ட ஊரே பரீனா. அவ்வருஷத்தில் தமிழ்நாட்டார் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. பரீனா அடிலெயிட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 400 மைல் தூரத்திலும், கோய்டர் கோட்டுக்கு 100 மைலுக்கு மேல் அப்பாலும் அமைந்தது. முதலில் வேறு பெயர் கொண்டிருந்த அவ்விடத்திற்கு, லத்தீன் பாஷையில் மாவு எனப் பொருள்படும் பரீனா என்னும் சொல்லையே பெயராக்கினர். கோதுமைக் கடலின் நடுவே மாவு அரைக்கும் நகரமாகும் என்பது எதிர்பார்ப்பு. 1882-ம் வருஷத்தில் ரெயில்பாதை அங்கே சென்று சேர்ந்தது. இரண்டு விடுதிகள், கடைகள், கொல்லர் பட்டறைகள், மாதா கோயில், பள்ளிக்கூடம், தரைக்கடியில் குளிர்ச்சியாய் அமைத்த ரொட்டிக் கிடங்கு யாவும் தோன்றின. ஒட்டகம் ஓட்டும் ஆப்கானியரும் அங்கே தங்கினர். செழித்த நாளில் சுமார் 300 பேர் வசித்தனர்.

எல்லாம் இருந்தன, மழை இல்லை. அவ்விடத்து வருஷ மழை சராசரி ஆறேழு அங்குலமே. 1880-ம் வருஷம் முதல் வறட்சி திரும்பியது. விதைத்த கோதுமை முளையிலேயே கருகியது; உழுது பொடியாக்கிய மண்ணைக் காற்று வாரிச் சென்றது. வடக்கே குடியேறியவர்களுள் பலர் வீட்டையும் வேலியையும் விட்டுத் தெற்கே திரும்பினர். அவர்கள் கட்டிய கல்வீடுகளின் சுவர்கள் கோட்டுக்கு அப்பால் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. 1884-ம் வருஷத்தில் ரெயில்பாதை இன்னும் வடக்கே நீண்டதும், பரீனா கடைசி நிலையம் என்னும் மதிப்பையும் இழந்தது. பின்னர் கால்நடை ஏற்றும் நிலையமாய்ச் சில காலம் ஜீவித்து, 1960-களில் தபால் ஆபீசும் மூடப்பட்டது. 1980-களில் பழைய ரெயில்பாதையும் கைவிடப்பட்டது. அண்மை வருஷங்களில் தொண்டர்கள் சிலர் அவ்விடிந்த சுவர்களைப் பாதுகாத்து வருகின்றனர். குளிர்காலத்தில் சில வாரங்கள் அப்பழைய கிடங்கில் ரொட்டி சுட்டு யாத்திரிகர்களுக்கு விற்கின்றனர். அந்த ரொட்டிக்குரிய மாவு வெளியூரிலிருந்து வருவது.

கோட்டுக்குள் நின்றவர்கள்

இக்கதையிலிருந்து புதிய முயற்சியே கூடாது என்று முடிவு செய்வது தவறாகும். கோட்டுக்குள் நின்ற குடியானவர்கள் சும்மா இருக்கவில்லை. வேரும் கட்டையும் நிறைந்த பூமியில் முட்டி உடைவதற்குப் பதில், கட்டையின்மேல் ஏறித் தாண்டிச் செல்லும் கலப்பையை 1876-ம் வருஷத்தில் ஸ்மித் என்பவர் அமைத்தார். ரோஸ்வொர்த்தி என்னுமிடத்தில் 1883-ம் வருஷத்தில் விவசாயக் கலாசாலை ஏற்பட்டது. அந்நாட்டு மண்ணில் மணிச்சத்துக் குறைந்திருப்பதைக் கண்டு, சூப்பர் பாஸ்பேட் உரத்தை விதையோடு சிறிதளவு இடும் முறை பரவிற்று. ஒரு வருஷம் நிலத்தை உழுது ஆறப்போட்டு, அந்த ஈரத்தைக் காத்து மறுவருஷம் விதைக்கும் வழக்கமும் பயன் தந்தது.

வில்லியம் பாரர் என்பவர், வறட்சிக்குத் தப்பும் கோதுமை இனங்களைக் கலப்பினால் உண்டாக்க முயன்று, 1901-ம் வருஷத்தில் பெடரேஷன் என்னும் இனத்தை வெளியிட்டார். அது விரைவில் அத்தேசம் முழுவதும் பரவிற்று. அவ்வினத்தின் முன்னோர்களுள் ஒன்று எட்டாவா என்னும் இந்தியக் கோதுமை. வெப்பமும் வறட்சியும் வருமுன் விளைந்துவிடும் குணம் இந்தியக் கோதுமைகளுக்கு உண்டு என்பதை அறிந்தே பாரர் அவற்றைக் கலப்பில் சேர்த்தார். கோயம்புத்தூரில் 1912-ம் வருஷத்தில் ஏற்பட்ட கரும்பு இனவிருத்தி நிலையத்தாரும், நாணல் போன்ற காட்டுக் கரும்பை நாட்டுக் கரும்போடு கலந்து வன்மையுள்ள இனங்களை உண்டாக்கினர். இரண்டும் ஒரே வகை அறிவின் பயன். மழையை மாற்ற முயன்றவர்கள் பரீனாவில் தோற்றனர். மழைக்கேற்பப் பயிரை மாற்றியவர்கள் நிலைத்தனர்.

560-ஐ 10,860-ஆல் வகுத்தால்

ஆறேழு அங்குல மழையுள்ள பரீனாவுக்கும், சராசரி ஏறக்குறைய 40 அங்குல மழையுள்ள கள்ளக்குறிச்சிப் பிரதேசத்திற்கும் ஒப்புமை ஏது என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. வடக்கனந்தல் ஒருநாளும் பரீனாவைப்போல் பாலைவனத்து ஊராகாது. ஆனால் அளவு வேறாயினும் பிழை ஒன்றே. நல்ல வருஷத்தைக் கண்டு அதுவே வழக்கமான வருஷம் என்று எண்ணிப் பயிரைப் பெருக்குவதே அப்பிழை. 2015-ம் வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் மிதமிஞ்சிப் பெய்தது. மறுவருஷமாகிய 2016-ல் அதே பருவமழை சராசரிக்கு 62 சதவிகிதம் குறைந்தது. 2017-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசமென அறிவிக்கப்பட்டன. முந்திய வருஷ வெள்ளத்தைக் கண்டு கரும்பு நட்டவரின் நிலை என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கோய்டர் கோடு இப்பிரதேசத்தில் பூமியின் மீது இல்லை. அணையின் அளவுகோலில் இருக்கின்றது. அதனை எவரும் கணக்கிட்டுக் காணலாம். அணை முழுவதும் நிறைந்தால் 560 மில்லியன் கன அடி ஜலம். அதனை 10,860 ஏக்கருக்குச் சமமாய்ப் பங்கிட்டால், ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய 51,560 கன அடி கிடைக்கும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி கொண்டது. ஆகவே நிலத்தின் மேல் நிற்கும் ஜலத்தின் ஆழம் சுமார் 14 அங்குலம். வெயிலில் ஆவியாவதையும் வாய்க்காலில் ஊறிப்போவதையும் கழிக்காமல் கண்ட தொகை இது.

நெல்லுக்கு நடவு முதல் அறுப்பு வரையில் சுமார் 48 அங்குல ஜலம் வேண்டும். கரும்புக்குச் சுமார் 80 அங்குலம். நிலக்கடலைக்கு 20 அங்குலம். கேழ்வரகு, கம்பு இவற்றுக்கு 14 அங்குலம் போதும். நிறைந்த அணையின் ஜலத்தை மட்டும் கொண்டு, ஒரு துளியும் சேதமின்றிப் பாய்ச்சினாலும், கரும்பு 1,930 ஏக்கருக்கு மேல் செய்ய இயலாது. நெல் சுமார் 3,200 ஏக்கர்; நிலக்கடலை 7,700 ஏக்கர்; கேழ்வரகோ கம்போ 11,000 ஏக்கர். ஆயக்கட்டு முழுவதையும் அணை நீரொன்றைக் கொண்டே விளைவிக்கக்கூடியவை பாட்டனார் காலத்துச் சிறுதானியங்களே என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது.

நல்ல வருஷத்தில் நேரே பெய்யும் மழையும், திறந்தபின் மறுபடி வந்து சேரும் ஆற்றுநீரும் இத்தொகையோடு கூடும் என்பது உண்மை. அதனாலேயே ஆயக்கட்டில் நெல் விளைகின்றது. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் அக்கூடுதல் இல்லை. அப்போது குறைவு முழுவதும் கிணற்றின் தலையில் விழும். ஓர் ஏக்கர் கரும்பு உண்ணும் ஜலத்தில் நான்கு ஏக்கர் நிலக்கடலையோ, ஐந்தரை ஏக்கருக்கு மேல் கேழ்வரகோ பிழைக்கும். மேல்மடையில் ஒருவர் நட்ட ஓர் ஏக்கர், கடைமடையில் எத்தனை ஏக்கரைத் தரிசாக்குகின்றது என்பதை இதனால் உணரலாம்.

செய்யத்தக்கவை

இப்பிரதேசத்தார் கரும்பையும் நெல்லையும் முற்றிலும் விடவேண்டும் என்பதன்று கருத்து. ஆலையும் நெல்லும் இங்கே நிலைத்தவை. பல குடும்பங்களின் ஜீவனம் அவற்றைப் பொறுத்தது. ஜலத்தின் கணக்கைப் பார்த்த பின்பே பரப்பை நிர்ணயிக்க வேண்டும் என்பதே கருத்து. அதற்குப் பின்வரும் முறைகள் அனுகூலமானவை.

முதலாவது, கணக்கு. அடங்கலில் ஒவ்வொரு பசலியிலும் பயிர்வாரிப் பரப்புக் குறிக்கப்படுகின்றது. அதனோடு பத்து வருஷ மழையளவையும், அணை திறந்த நாளன்று இருந்த நீர்மட்டத்தையும், ஊர்க் கிணறுகள் சிலவற்றின் சித்திரை மாத நீர்மட்டத்தையும் ஒரே தாளில் எழுதிச் சாவடியில் ஒட்டிவைத்தால், எந்த வருஷத்தில் ஊர் தன் நீரை மீறிப் பயிரிட்டது என்பது எழுத்தறிந்த எவருக்கும் விளங்கும். இதற்குச் செலவொன்றுமில்லை. கிணற்றின் ஆழத்தை அறிய முடிச்சிட்ட கயிறும் கல்லும் போதும்.

இரண்டாவது, கூடிப் பேசுதல். 2000-ம் வருஷத்துச் சட்டத்தின்படி பாசன முறைகளை நிர்வகிப்பதில் விவசாயிகளுக்கும் பங்குண்டு. அணை திறக்குமுன் மேல்மடையாரும் கடைமடையாரும் ஒன்றுகூடி, அணையில் உள்ள ஜலம் எத்தனை ஏக்கர் நெல்லுக்குப் போதும் என்று கணித்து, மிகுதி நிலத்தில் உளுந்தோ கேழ்வரகோ நிலக்கடலையோ விதைப்பதென்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். பயிர் வாடியபின் மதகடியில் நடக்கும் சச்சரவைவிட, விதைக்குமுன் நடக்கும் பேச்சு ஆயிரமடங்கு மேலானது.

மூன்றாவது, மிச்சம். நெல்லுக்கு எந்நேரமும் ஜலம் கட்டி வைத்தல் அவசியமன்று. கட்டிய நீர் வற்றி மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும்போது மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமான முறையால் ஜலம் மிச்சமாகும். வேரும் ஆழமாய் இறங்கும். கரும்புக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜலம் மீதப்படும். சோகையைக் கொளுத்தாமல் பார்களின் இடையே பரப்பினால் கோடையில் மண்ணின் ஈரம் காயாது. நிலக்கடலைக்குப் பூக்கும் தறுவாயிலும், விழுது இறங்கும்போதும், காய் பிடிக்கும்போதும் தவறாமல் பாய்ச்சினால், மற்ற நாட்களில் ஜலத்தைச் சுருக்கலாம். மானாவாரியில் கோடை உழவு செய்து, சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டால், முதல் மழை வீணாகாது.

நான்காவது, பழைய தானியங்கள். 2023-ம் வருஷம் சர்வதேசச் சிறுதானிய வருஷமாய்க் கொண்டாடப்பட்டது. ஏழையின் உணவென்று இகழப்பட்ட வரகும் சாமையும் தினையும் இன்று நகரத்துக் கடைகளில் நெல்லரிசியைவிட உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. கல்வராயன் மலையில் சாமையை விடாது பயிரிட்டு வந்தவர்களிடம் விதையும் அனுபவமும் உண்டு. கிணறு வற்றத் தொடங்கிய அடிவாரத்துப் புன்செயில், நான்கில் ஒரு பாகத்தையேனும் இவற்றுக்கும் துவரைக்கும் ஒதுக்குதல், கடன் வாங்கி மற்றொரு துளையிடுவதைவிடக் கெட்டிக்காரத்தனமாகும்.

ஐந்தாவது, மலை. ஏரிகளின் வரத்து வாய்க்கால்களைத் தூர்வாருதலும், ஓடைகளில் சிறு தடுப்பணைகள் அமைத்தலும், மலைச்சரிவில் மரம் வளர்த்தலும் கிணற்றுக்கு ஊற்றைத் தரும். மலைமேல் நட்ட மரம் அடிவாரத்துக் கிணற்றுக்கு இட்ட உரம்.

வடக்கனந்தலுக்கு இயற்கை செய்திருக்கும் உபகாரம் பெரிது. மேற்கே மலை, மலையில் மழை, அடிவாரத்தில் அணை, அருகே ஆலை, கைநிறைய அனுபவமுள்ள குடிகள் யாவும் இங்குண்டு. பரீனாவில் குடியேறியவர்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. எச்சரிக்கை ஒன்றுமட்டும் இருந்தது. தேசப்படத்தில் கோடாக அது வரையப்பட்டிருந்தும், நான்கைந்து நல்ல மழை வருஷங்களைக் கண்டு அதனை அழித்துவிட்டார்கள். கோமுகி அணையின் சுவரில் அடிக் கணக்கிட்டு எழுதியுள்ள கோடுகளும் அத்தகைய எச்சரிக்கையே. அடுத்த முறை அணை திறக்கும் நாளில், மாலை சூட்டி மலர் தூவுமுன், நீர் எந்தக் கோட்டில் நிற்கின்றது என்று ஒரு முறை நோக்கி, அதற்கேற்ப விதைப் பெட்டியை நிரப்புவார்களாயின், இவ்வூரின் சரித்திரம் இன்னும் பல தலைமுறைக்கு விளைச்சலின் சரித்திரமாகவே நிலைக்கும்.